நாலு காலும் நாலேகாலும்

இந்த வருடம் முதன்முறையாகச் ‘சொல்வதை எழுதுபவர்’ வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை அனுப்பும்போது, “கையெழுத்து நல்லா இருக்குல்ல? போதும், போயிட்டு வாங்க” என்பார்கள். என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். அந்த வேலைக்குக் கையெழுத்தா பெரிது? பார்வை இல்லாத ஒருவர் பரீட்சை எழுதுகிறார். கேள்வியை நீங்கள் வாசிக்க வேண்டும், அவர் சொல்லும் பதிலை அப்படியே எழுத வேண்டும். நீங்கள் வாசிப்பதுதான் அவருக்குக் கேள்வித்தாள். தப்பாக வாசித்தீர்களானால் ஊருக்கெல்லாம் ஒரு கேள்வித்தாள், அவருக்கு மட்டும் வேறு கேள்வித்தாள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பட்டது நான் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தப்பு செய்தது நான், படவிருந்தது இன்னொருவர்.

நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் நடத்தியவள். கணக்குக்கும் எனக்கும் அந்தக் காலத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். கணக்குத் தேர்வுக்குக் கணக்கு வாத்தியாரை எழுத அனுப்ப மாட்டார்கள், விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுவார் என்று பயம். கணக்குத் தெரியாத ஆளாகப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். அந்தத் தகுதி என்னிடம் தாராளமாக இருந்தது.

நடந்ததைச் சொல்வதற்கு முன், அதற்கு முந்தைய வருடம் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் தடவை நான் வாசித்தது சமூக அறிவியல் தாள். வகுப்பில் செய்யுள் வாசிக்கிற வேகத்தில் கடகடவென்று வாசித்துக்கொண்டு போனேன். நான் எழுபது என்றது அந்தப் பையன் காதில் எண்பது என்று விழுந்து, அவன் வேறு எதையோ சொல்ல, நானும் எழுதிவிட்டேன். ஒரு மதிப்பெண்தான் போனது என்றாலும் எனக்கு மனசு ஆறவில்லை. இனிமேல் சந்தி கிந்தி சேர்க்காமல், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பிரித்து, நிறுத்தித்தான் வாசிப்பது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். நல்ல முடிவுதான். ஓர் இடத்தில் நல்லதாக இருப்பது எல்லா இடத்திலும் நல்லதாகவே இருக்கும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி கோணியது.

அடுத்த வருடம் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பள்ளிக்கூடம் போகாமல், பெரியவர்களான பிறகு எழுதுகிற தேர்வு அது. ஆரப்பாளையத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் மையம். சன்னலுக்கு வெளியே “தேனி, கம்பம், தேனி, கம்பம்” என்று நடத்துநர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். இந்தச் சத்தத்தில் இன்னும் தெளிவாக, இன்னும் பிரித்து வாசிக்க வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் எழுதிக்கொடுக்க வேண்டிய அம்மாவை, அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து அவர் கொழுந்தன் வண்டியில் வைத்துக் கூட்டிவந்திருந்தார். அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஐந்தாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் காய்ச்சல் வந்து பார்வை போய்விட்டதாம். அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, கொழுந்தன் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

“டீச்சர், எங்க அண்ணன் யூனியன் ஆபீசுல ஆபீஸ் அசிஸ்டென்டா இருந்தாரு. சர்வீசுலயே தவறிட்டாரு. அந்த வேலைய மதினிக்குத் தர்றேங்கிறாக, ஆனா எட்டாப்பு பாஸ் பண்ணிருக்கணுமாம். மனுக் குடுக்க இன்னும் நாலு மாசந்தான் இருக்கு. ரெண்டு தடவ எழுதிட்டாக. மத்ததெல்லாம் பாஸு, கணக்குலதான் போச்சு. இதான் கடைசி டீச்சர். கொஞ்சம் பாத்துக்கங்க.”

“நான் பாத்துக்கிறதுக்கு ஒண்ணுமில்லப்பா. அவுங்க சொல்றத எழுதுவேன், அம்புட்டுதான்” என்றேன். விறைப்பாகத்தான் சொன்னேன். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யார் கேட்டாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அறைக்குள் நாங்கள் மூன்று பேர். நான், அந்த அம்மா, கண்காணிப்பாளராக இன்னொரு பள்ளியிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர். மேசை நடுவில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று. நாங்கள் பேசுவதெல்லாம் அதில் பதிவாகும், பிற்பாடு சந்தேகம் வந்தால் போட்டுக் கேட்பார்கள். மணி அடிப்பதற்கு முன் அந்தத் தம்பியிடம், “இன்னும் ஏழு மாசத்துல ரிடையர் ஆயிருவேன் தம்பி, அதுக்குள்ள ஒரு கறையும் படாமப் போயிரணும்” என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அது அந்த அம்மா காதிலும் விழுந்தது.

தாளைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தேன். நாலைந்து கணக்கு போனதுமே எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்த அம்மாவிடம் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. இரண்டு கைகளையும் மேசையின் மேல் விரித்து வைத்திருப்பார். நான் கேள்வியை வாசித்து முடித்ததும் விரல்கள் லேசாக அசையும், கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட்டுக்கொண்டே போகும். வாய் ஒரு வார்த்தை முணுமுணுக்காது. பிறகு முதல் வரி, இரண்டாம் வரி, விடை என்று வரிசையாகச் சொல்வார். நான் தாளில் கண்ணால் பார்த்தும் புரியாத கணக்கை அவர் இருட்டில் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாவது கேள்வி வந்தது. ‘தகா பின்னமாக எழுதுக’ என்று போட்டு, பக்கத்தில் 2¾ என்று இருந்தது. தகா பின்னம் என்றால் பயந்துவிடாதீர்கள். கோட்டுக்கு மேலே பெரிய எண், கீழே சின்ன எண் இருந்தால் அதற்கு அந்தப் பெயர். முழு எண்ணும் பின்னமும் சேர்ந்து நிற்பதை ஒரே பின்னமாக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நான் என் புதுக் கொள்கைப்படி நிறுத்தி, அழகாக, “இரண்டு… முக்கால்” என்று வாசித்தேன்.

அவர் விரல்கள் அசைந்தன. “ஆறு, கீழ நாலு” என்றார். எழுதினேன்.

ஒன்பதாவதில் 5½. “ஐந்து… அரை” என்றேன். “அஞ்சு, கீழ ரெண்டு.” எழுதினேன். பன்னிரண்டாவதில் 3¾. “மூன்று… முக்கால்.” “ஒம்பது, கீழ நாலு.” அதையும் எழுதினேன். கெட்ட நேரம் பாருங்கள், தப்பான விடைகளும் மேலே பெரிது, கீழே சிறிது என்று தகா பின்னமாகவே வந்து உட்கார்ந்தன. அவருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கோ சந்தேகப்படுகிற அளவுக்கு அறிவு இல்லை.

உங்களில் கணக்குப் படித்தவர்கள் இப்போதே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். தமிழ் படித்தவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டேமுக்கால் என்றால் இரண்டும், அதோடு ஒரு முக்காலும். இரண்டு முக்கால் என்றால் முக்கால் இரண்டு தடவை, அதாவது ஒன்றரை. ஐந்தரை வேறு, ஐந்து அரை வேறு. சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவர்கள்கூட இதில் ஒருநாளும் தடுமாற மாட்டார்கள். ஏகாரத்துக்கு ஆறு பொருள் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். அதில் ஒன்று எண்ணும் ஏகாரம். ‘உப்பே, புளியே, மிளகாயே’ என்றால் உப்பும் புளியும் மிளகாயும். நாலேகாலில் இருப்பதைச் சாரியை என்பார்கள் சிலர். என்னைக் கேட்டால் அதுவும் அந்த எண்ணும் ஏகாரந்தான் என்பேன். பேர் எதுவானாலும், அது இல்லாவிட்டால் நாலும் காலும் கூடாது. அந்த ஒற்றை எழுத்தை, தெளிவாக வாசிக்கிறேன் பேர்வழி என்று, நானே வெட்டி எறிந்துகொண்டு போனேன்.

கடைசிப் பகுதியில் ஒரு துணிக் கணக்கு. ஐந்து மதிப்பெண். ‘ஒரு கடையில் 4¼ மீட்டர் துணி இருந்தது. அதிலிருந்து 3½ மீட்டர் வெட்டிக் கொடுத்தால் மீதி எவ்வளவு?’ நான் நிதானமாக வாசித்தேன். “ஒரு கடையில்… நான்கு… கால் மீட்டர் துணி இருந்தது. அதிலிருந்து மூன்று… அரை மீட்டர்…”

விரல்கள் அசைந்தன. நின்றன. மறுபடி அசைந்தன. அந்த அம்மா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“துணி பத்தலையே, டீச்சர்” என்றார்.

“என்னம்மா?”

“நாலு காலுன்னா ஒரு மீட்டரு. மூணு அரைன்னா ஒன்றரை மீட்டரு. ஒரு மீட்டர் துணியில ஒன்றரை மீட்டர எப்படி டீச்சர் வெட்டுவாக?”

தாளைப் பார்த்தேன். 4¼. நாலேகால்! பக்கத்தைப் பின்னால் திருப்பினேன். 2¾, 5½, 3¾. என் கையெழுத்து ரொம்ப அழகாகத்தான் இருந்தது. அழகாக எழுதிய அந்த வரிகளில் மூன்று கணக்கு செத்துக் கிடந்தது. ஆண்டவரே, இந்தப் பொம்பளையின் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே!

இப்போது நீங்கள் அந்த நாற்காலியில் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். நான் வாசித்தது தப்பு, அது நாலேகால் என்று சொன்னால் அது திருத்தமா, விடைக்கு வழி காட்டுவதா? அது முழு எண்ணும் பின்னமும் சேர்ந்த கலப்பு பின்னம் என்று கண்டுபிடிப்பதுதானே பாதிக் கணக்கு? சொல்லிக் கொடுத்ததாகப் பதிவில் விழுந்தால் அவர் தாளையே செல்லாது என்று ஒதுக்கிவிடலாம். சொல்லாமல் இருந்தால் என் தப்புக்கு அவர் தோற்பார். எனக்கு யோசிக்க அரை நிமிடம்கூட இல்லை. என்ன ஆனாலும் ஆகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று துணிந்தேன்.

“அம்மா, நான் வாசிச்சதுல…” என்று ஆரம்பித்தேன்.

“இருங்க டீச்சர்.” சட்டென்று மறித்தார். “நீங்க ஒண்ணும் வெளக்க வேணாம். மறுபடி வாசிக்கவும் வேணாம். தாள்ல என்ன அச்சடிச்சிருக்கு, எங்கன அடிச்சிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. துணி இருந்ததுங்கிற எடத்துல மொதல்ல என்ன இருக்கு?”

கண்காணிப்பாளர் தம்பி எழுந்து வந்துவிட்டார். “டீச்சர், மறுபடி வாசிக்கலாம். இப்படியெல்லாம் வெளக்கம் சொல்லக் கூடாது.”

“தாள்ல இருக்கிறதச் சொல்றதுக்குத்தான் தம்பி என்னைய இங்க உக்கார வச்சிருக்கு” என்றேன்.

“எனக்குத் தெரியாது டீச்சர், நான் மேடத்தைக் கூப்பிடுறேன்.” அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். விதியைக் காப்பாற்றத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள்.

மையத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் வந்து சேர ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. எனக்கு அது ஏழெட்டு வருடம். அந்த அம்மா மட்டும் கைகளை மேசையில் வைத்தபடி ஆடாமல் உட்கார்ந்திருந்தார். வந்த மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “கேள்வில ஒரு படம் இருந்தா அதுல என்ன இருக்குன்னு சொல்லுவீங்கல்ல?” “சொல்லுவோம்” என்றேன். “அப்ப இதையும் சொல்லுங்க. பொருள் சொல்லாதீங்க. எது மேல, எது கீழ, அதோட நிறுத்துங்க.”

சொன்னேன். “பெருசா ஒரு நாலு. அதுக்கு வலது பக்கம் ஒட்டி, சின்ன எழுத்துல, மேல ஒண்ணு. நடுவுல கோடு. கோட்டுக்குக் கீழ நாலு.”

“அந்தப் பெரிய நாலுக்கும் சின்னதுக்கும் நடுவுல பெருக்கல் குறி, புள்ளி, ஏதாச்சும் கெடக்கா?”

“ஒண்ணும் இல்ல.”

அவர் வலது கைவிரலால் மேசையின் மேல் எழுதிப் பார்த்தார். பெரிய நாலு. பக்கத்தில் குட்டியாக ஒன்று, கோடு, நாலு. ஐந்தாம் வகுப்பில் கண்ணால் கண்டது. இருபத்தைந்து வருடமாக அதை அழியாமல் வைத்திருந்திருக்கிறார்.

“அப்ப நாலேகால்” என்றார்.

அந்த ஏகாரத்தை நான் தரவில்லை. அவரே எடுத்துக்கொண்டார்.

அடுத்ததற்கும் அதே மாதிரி கேட்டு, “மூன்றரை” என்றார். கைகளை விரித்தார். கட்டைவிரலை விட்டுவிட்டால் ஒரு கைக்கு நாலு விரல். ஒரு விரல் ஒரு கால், நாலு விரல் ஒரு முழுசு. நாலேகால் என்றால் நாலு கை, ஒரு விரல். மொத்தம் பதினேழு விரல். மூன்றரை என்றால் மூன்று கை, இரண்டு விரல். பதினாலு. “எழுதுங்க டீச்சர். பதினேழு, கீழ நாலு. கழித்தல். பதினாலு, கீழ நாலு. விடை, மூணு, கீழ நாலு. முக்கா மீட்டர் மீதி.” முழு எண்ணைக் கீழே உள்ளதால் பெருக்கு, மேலே உள்ளதைக் கூட்டு என்று பிள்ளைகள் மந்திரம் போல ஒப்பிப்பதை நான் எத்தனை வருடம் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டிருப்பேன்! முழுசாக இருப்பதையெல்லாம் துண்டாக்கி, எத்தனை துண்டு என்று எண்ணுகிற விஷயம் அது என்று ஐம்பத்தேழாவது வயதில் ஒரு மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் எனக்கு விளங்கியது.

நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தது. இனி முந்தைய மூன்றும்? அவற்றைப் பற்றி நானாக வாயைத் திறக்கக் கூடாது. கேட்டால் மட்டுந்தான் சொல்லலாம். கேளு தாயி, கேளு என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

“டீச்சர், ஏழாவது கேள்வியில ‘இரண்டு முக்கால்’னு வாசிச்சீங்க. ஒம்பதுல ‘ஐந்து அரை’ன்னு வாசிச்சீங்க. பன்னெண்டுல ‘மூன்று முக்கால்’னு வாசிச்சீங்க. அந்த மூணையும் இதே மாதிரி, மேல எது கீழ எதுன்னு சொல்லுங்க.”

மூன்று மணி நேரமாக நான் வாசித்த ஒவ்வொரு கேள்வியும், அதன் எண்ணும், எந்தச் சொல்லில் வாசித்தேன் என்பதும் அவருக்குள் அப்படியே இருந்தன. கண்காணிப்பாளர் தம்பி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பழைய விடைகளை அடித்துவிட்டு எழுதினோம். பதினொன்று, கீழே நாலு. பதினொன்று, கீழே இரண்டு. பதினைந்து, கீழே நாலு. மணி அடித்தபோது என் அழகான தாள் அடித்தல் திருத்தலாகக் கிடந்தது. அதைவிட நல்ல தாளை நான் எழுதியதில்லை.

வெளியே வந்து, ஒலிப்பதிவுக் கருவி இல்லாத இடத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதேவிட்டேன். “என் மேலதாம்மா தப்பு. நான் ஏகாரத்த விட்டுட்டு வாசிச்சேன்.”

“தெரியும் டீச்சர். துணி பத்தாமப் போனப்பவே தெரியும். கடையில துணிய அளக்காம விப்பாகளா?” என்று சிரித்தார். “நீங்க ‘நாலு கால்’னதும் ஆட்டுக்கு எதுவும் சட்ட தைக்கிறாகளோன்னு நெனச்சேன்.”

“தெரிஞ்சா அங்கயே என்னையக் கேட்டிருக்கலாம்ல, ஏன் தப்பா வாசிச்சன்னு?”

“கேட்டா அந்த மிசின்ல விழும்ல டீச்சர். ரிடையர் ஆகப் போறீகன்னு சொன்னீக. ஒரு கறையும் படாமப் போகணும்னீக. அதான் உங்களப் பேச விடல.”

தன் பிழைப்பு அந்தத் தாளில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, துணி எங்கே போயிற்று என்று தேடுகிற அதே நேரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவளின் பெயரையும் காப்பாற்ற ஒரு மனுஷிக்கு எப்படித் தோன்றும்? எனக்குத் தோன்றியிருக்காது. சத்தியமாகத் தோன்றியிருக்காது.

உங்களுக்கு நான் சொல்லிக்கொள்வது கொஞ்சந்தான். கணக்குத் தாளுக்கு முந்தின நாள் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எண்ணை எப்படிச் சொல்வது என்று உட்காரும்போதே தேர்வரிடம் கேட்டுப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் பொருளைச் சொல்லாதீர்கள், இருப்பதைச் சொல்லுங்கள். எழுதுகிற கை உங்களுடையது என்பதால் மூளையும் உங்களுடையதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். தப்பு செய்துவிட்டால் மேலிடத்தைக் கூப்பிடத் தயங்காதீர்கள். அன்றைக்கு அந்தத் தம்பி மேடத்தைக் கூப்பிட்டதுதான் எங்களைக் காப்பாற்றியது, அப்போது அவர்மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது என்றாலும்.

முடிவு வந்த அன்று அவரே போன் செய்தார். “டீச்சர், பாஸ். கணக்குல நாப்பத்தொண்ணு. மனுக் குடுத்தாச்சு.”

“ஆண்டவருக்குத் தோத்திரம்!” என்று கத்தினேன். அடுத்த நொடியே என் மூளை, வாழ்நாளில் முதன்முறையாக யாரும் கேட்காமல் ஒரு கணக்கைப் போட்டது. துணிக் கணக்குக்கு ஐந்து. மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு. மொத்தம் பதினொன்று. நாற்பத்தொன்றில் பதினொன்று போனால் முப்பது. தேற வேண்டியது முப்பத்தைந்து.

“நாப்பத்தொண்ணுல…” என்று நான் முணுமுணுத்ததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. “கழிச்சுப் பாக்குறீகளா டீச்சர்? நானும் பாத்தேன். விடுங்க.” பிறகு அவரே சொன்னார். “போன தடவ எனக்கு முப்பத்தொண்ணு. அதுக்கு முந்தி முப்பத்திரெண்டு. அப்பல்லாம் துணிக் கணக்கு வரல.”

“அம்மா… அப்ப வாசிச்சது யாரு?”

“அது எதுக்கு டீச்சர்? அவுகளும் நல்லாத் தெளிவாத்தான் வாசிச்சாக. அவுககிட்டப் போய்ச் சொல்லிராதீக. பாவம், தெரிஞ்சா தூங்க மாட்டாக.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர்கள் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.